கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்தில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் இடையே சிறு சிறு அறைகளாக ஒரு ஜோடி, நெற்றியில் ஒன்று, தலையின் நடு ஆழத்தில் ஒன்று. சைனஸ் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். ஜலதோஷம் பிடித்தால் கனக்கிற இதே அறைகளில் புற்றுநோயும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. வருவது அபூர்வம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் நூறு என்றால் அதில் மூன்று முதல் ஐந்து வரைதான் மூக்கிலும் சைனஸிலும் வருபவை.

தலை-கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவனான எனக்கு வேலையின் பெரும்பகுதி வாய், நாக்கு, குரல்வளை என்றே கழிந்திருக்கிறது. ஆனாலும் அதிகம் யோசிக்க வைத்தவை, இரவில் புத்தகத்தைத் திறக்க வைத்தவை இந்தச் சைனஸ் கட்டிகள்தான். காரணம் அவை உட்கார்ந்திருக்கும் இடம். பக்கச் சுவருக்கு அந்தப்புறம் கண். கூரைக்கு மேலே மூளை. தரைக்குக் கீழே வாய். நடுவில் இருக்கும் எலும்போ சில இடங்களில் காகித கனம்தான். நாக்கில் கட்டி என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுத்துவிடலாம். இங்கே அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு கண்ணே போய்விடும்.

இன்னொரு சிக்கல், அறைக்குள் இடம் இருப்பது. கன்னத்து சைனஸ் வெறும் காற்று நிரம்பிய அறை. அதற்குள் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. சுவரைத் தாண்டியபிறகுதான் சொல்லிக்கொண்டு வெளியே வரும். கீழே இறங்கினால் மேல்வரிசைப் பல் ஆடும். மேலே போனால் கண் பிதுங்கும், இரட்டையாகத் தெரியும். முன்னால் வந்தால் கன்னம் மரத்துப்போகும். உள்பக்கம் வந்தால் ஒரு பக்க மூக்கு அடைக்கும், அவ்வப்போது ரத்தம் எட்டிப்பார்க்கும்.

எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பாட்டி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பல்லு ஆடுச்சு, புடுங்கிப்புட்டேன் சாமி. புடுங்குன எடம் ஆறவே மாட்டேங்குது" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல் பிடுங்கிய குழியிலிருந்து சதை பூத்து வெளியே வந்திருந்தது. பல்லில் குற்றமே இல்லை. அதன் வேருக்கு மேலே இருந்த அறையிலிருந்து கட்டி இறங்கி வந்திருந்தது. பேரன், "சைனஸ்னு மாத்திரை கொடுத்தாங்க சார், ஆறு மாசமா சாப்பிடுறாங்க" என்றான். அந்த ஆறு மாதம் எவ்வளவு பெரியது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

கண்ணின் உள்முனையிலிருந்து கீழ்த்தாடைக் கோணத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஊங்ரென் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 1933-இல் சொன்ன கோடு அது. கட்டி அந்தக் கோட்டுக்கு முன்னும் கீழும் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மேலும் பின்னும் இருந்தால் குறைவு. ஸ்கேன் என்ற ஒன்று இல்லாத காலத்தில் கண்டறிந்தது, இன்றும் பொய்யாகவில்லை. மேலும் பின்னும் என்றால் கண், மூளை, முகத்து நரம்புகள் வெளியேறும் துளைகள். அங்கே போய்விட்ட கட்டியை முழுதாக எடுப்பது கடினம். இந்த நோயில் முழுதாக எடுப்பது என்பதுதான் எல்லாமே.

இந்த அறுவைக்கு நெடிய வரலாறு உண்டு. பிரான்சின் லியோன் நகரில் கென்சூல் என்ற மருத்துவர் 1827-இல் மேல்தாடையை எடுத்தார். மயக்க மருந்து வருவதற்கு இருபது வருடம் முன்பு! அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேலாகக் கூரை எலும்புதான் எல்லையாக இருந்தது. கட்டி மூளையின் அடித்தளத்தைத் தொட்டுவிட்டது என்றால் கைவிரிப்பதைத் தவிர வழியில்லை. 1954-இல் அமெரிக்காவில் ஸ்மித், க்ளாப், வில்லியம்ஸ் ஆகிய மூவர், மேலே மண்டையோட்டைத் திறந்தும் கீழே முகத்தைத் திறந்தும் இரு பக்கமிருந்தும் கட்டியைச் சூழ்ந்து எடுத்த முறையை எழுதினார்கள். 1963-இல் கெட்சமும் அவருடைய சகாக்களும் அதை ஒரு தொடராகச் செய்து காட்டினார்கள். நரம்பியல் அறுவை மருத்துவரும் தலை-கழுத்து அறுவை மருத்துவரும் ஒரே மேஜையில் நின்றது அப்போதுதான் வழக்கமானது.

பலன் என்ன? ஜெனிவாவின் டுல்கெரோவ் குழுவினர் 2001-இல் தங்கள் 220 நோயாளிகளையும் அதற்கு முந்தைய நாற்பது வருட மருத்துவ இலக்கியத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1960-களில் ஐந்து வருடம் கடந்தவர்கள் நூறுக்கு 28 பேர். 1990-களில் 51. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த எண்ணை நோயாளியிடம் நான் அப்படியே சொல்வதில்லை. "பாதிக்குப் பாதி" என்பது எல்லாக் கட்டிகளையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியெடுத்த சராசரி. என் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வந்திருப்பது அவற்றில் ஒன்றுதான்.

என் அனுபவம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சைனஸ் புற்றுநோய் என்பது ஒரு நோய் கிடையாது. அந்தச் சின்ன இடத்தில் தோல்செல் போன்றவற்றிலிருந்து, சுரப்பியிலிருந்து, நிறமி செல்லிலிருந்து, வாசனை நரம்பிலிருந்து என்று பத்துப் பன்னிரண்டு வகைக் கட்டிகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, வேகம் வேறு, வைத்தியமும் வேறு. கத்தியை எடுப்பதற்கு முன்பே பலன் பாதி முடிவாகிவிடுகிறது, பயாப்ஸி கண்ணாடியில்.

வாசனை நரம்பில் வரும் எஸ்தீஷியோநியூரோபிளாஸ்டோமா கட்டியை 1924-இல் பிரான்சில் பெர்ஜேவும் லுய்க்கும் முதலில் விவரித்தார்கள். அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் நன்றாகக் கட்டுப்படும். ஆனால் பத்து வருடம் கழித்தும் திரும்பி வரும். அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா என்பது மெதுவாக நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஐந்தாவது வருடக் கணக்கில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பத்தாவது, பதினைந்தாவது வருடக் கணக்கில் மனசு உடையும். மூக்குச் சவ்வில் வரும் மெலனோமாவுக்கு முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்ற படிகளே கிடையாது. கண்டுபிடிக்கும்போதே மூன்றாவது படியில் வைத்துத்தான் கணக்குத் தொடங்குகிறார்கள், அவ்வளவு மூர்க்கம்.

இன்னும் ஒன்று, 1986-இல்தான் தனிப்பெயர் பெற்ற வகை. ஸ்னக் என்று சுருக்கமாகச் சொல்வோம். வாரக்கணக்கில் வளர்ந்து கண்ணையும் மூளையையும் தொடும். முன்பெல்லாம் கிடைத்ததும் அறுவைக்கு ஓடினோம். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2019-இல் 95 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியின் போக்கைப் பார்த்தார்கள். நன்றாகச் சுருங்கியவர்களில், அறுவை இல்லாமல் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்கள் ஐந்து வருடத்தில் நூறுக்கு 81 பேர் நோய்க்குப் பலியாகாமல் இருந்தார்கள். அறுவைக்குப் போனவர்களில் 54 பேர். சுருங்காதவர்களிலோ கணக்கு தலைகீழ்: அறுவை செய்தவர்களில் 39, செய்யாதவர்களில் ஒருவரும் இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு என் கை தானாகக் கத்தியைத் தேடுவது நின்றது. அறுவை மருத்துவன் அறுக்காமல் இருக்கவேண்டிய நோயாளி யார் என்று தெரிந்துகொள்வதும் அறுவையின் பலன்தான்.

ஆகவே இந்தக் கட்டிகளில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் இரண்டாவது பேத்தாலஜிஸ்ட் கருத்து. நுண்ணோக்கியில் சின்ன, நீல நிற, உருண்டைச் செல்களாகவே பல வகைகள் தெரியும். சாயம் ஏற்றிப் பார்த்து, சில சமயம் மரபணுச் சோதனை வரை போய்த்தான் பெயர் வைக்க முடிகிறது. "எதுக்கு டாக்டர் மறுபடியும் டெஸ்ட்? சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று வீட்டார் அவசரப்படுவார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. என்றாலும் பெயர் தெரியாத கட்டியை வெட்டுவதைவிட ஒரு வாரம் காத்திருந்து பெயர் தெரிந்து வெட்டுவது அவர்களுக்கு நல்லது என்று உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

1990-களுக்குப் பிறகு எங்கள் வேலையை மாற்றியது, மூக்குத் துளை வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப். முகத்தில் கீறல் இல்லை, மண்டையைத் திறப்பதில்லை. இத்தாலியின் பிரெசியா, வரேசே நகரங்களிலிருந்து நிக்கோலாய், காஸ்டெல்நுவோ குழுவினர் 2008-இல் 184 நோயாளிகளின் பலனை எழுதினார்கள். மூக்கு வழியாகவே முழுதும் செய்தவர்களில் ஐந்து வருடத்தில் நோயால் இறக்காமல் இருந்தவர்கள் 91 சதவீதம். மண்டையையும் திறக்க வேண்டியிருந்தவர்களில் 59 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு எண்டோஸ்கோப்தான் உயர்ந்தது என்று இளம் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது: மண்டையைத் திறக்க வேண்டியிருந்ததற்குக் காரணமே கட்டி பெரிதாக இருந்ததுதான். கருவியை வைத்துப் பலனை அளக்காதீர்கள். 17 மருத்துவமனைகள் சேர்ந்து 1,307 பேரின் விவரத்தை 2003-இல் வெளியிட்டன. எல்லாம் மண்டையையும் முகத்தையும் திறந்த பெரிய அறுவைகள். அதில் ஐந்து வருடப் பிழைப்பைத் தீர்மானித்தவை மூன்று: கட்டியின் வகை, மூளைப்பக்கம் எவ்வளவு போயிருக்கிறது, வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சம் இருக்கிறதா. எந்த வழியாக உள்ளே போனாலும் இந்த மூன்றுக்கும்தான் பதில் சொல்ல வேண்டும்.

விளிம்பு என்றால் என்ன என்பதைத் தியேட்டருக்குள் வந்து பார்த்தால்தான் புரியும். நான்கு மில்லிமீட்டர் தடிமன் எண்டோஸ்கோப் ஒரு துளையில். இரண்டு பேர், நான்கு கைகள், இரண்டு மூக்குத் துளைகள். முதலில் மூக்கை அடைத்திருக்கும் கட்டியைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக் குறைப்போம். கட்டியைத் துண்டாக்கலாமா என்று பழைய ஆசிரியர்கள் கோபப்படுவார்கள். ஆனால் மூக்கையே நிரப்பிக்கொண்டிருக்கும் கட்டி பல சமயம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில்தான் வேர்பிடித்திருக்கும். குறைத்தால்தான் அந்த வேர் தெரியும். தெரிந்ததும் அதைச் சுற்றி நல்ல சவ்வில் வட்டமாகக் கீறுவோம். சவ்வை எலும்பிலிருந்து உரித்து நடுவை நோக்கிக் கொண்டுவருவோம். அடியில் இருக்கும் எலும்பை வைர முனை டிரில்லால் தேய்த்து எடுப்போம். கட்டி கூரையில் இருந்தால் கூரை எலும்பும் போகும். அதற்கு மேலே மூளையுறையான டியூரா. அதுவும் சந்தேகம் என்றால் அதையும் வெட்டி எடுப்போம். அப்போது திரையில் மூளையின் துடிப்பு தெரியும்.

ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் அரிசி அளவு துண்டு. முன், பின், இடம், வலம், ஆழம் என்று நர்ஸ் தனித்தனியாகப் பெயரெழுதி, உறையவைத்து உடனே பார்த்துச் சொல்லும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்புவார். பிறகு காத்திருப்பு. மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பேத்தாலஜி போன் வரும். "முன், இடம், வலம் கிளியர். பின்பக்கம் இன்னும் எடுங்க." மறுபடி டிரில். மறுபடி துண்டு. ஐந்தும் சுத்தம் என்ற சொல் காதில் விழும்வரை அந்த அறுவை முடியாது. பிறகு தொடையிலிருந்து எடுத்த தசையுறையை அடுக்கி ஓட்டையை அடைத்து, மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்த ஓட்டத்தோடு புரட்டியெடுத்த சவ்வை மேலே போர்த்துவோம். அர்ஜென்டினாவின் ஹதாத், பஸ்ஸகஸ்டெகி இருவரும் 2006-இல் சொல்லிக்கொடுத்த முறை அது. அதற்கு முன்பு மூளைநீர் கசிந்து காய்ச்சல் வந்து சீரழிந்தவர்கள் ஏராளம். இன்று அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

உயிர் பிழைப்பது மட்டுமே பலன் என்று நினைத்தால் நோயாளியைப் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம். கூரையை எடுத்தால் வாசனை போய்விடும். கல்யாண வீடுகளுக்குச் சமையல் செய்யும் ஒரு அம்மா, அறுவைக்கு முன்னால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரசத்துக்குப் புளி வாசம் போகும் பக்குவம் எனக்கு மூக்குலதான் சார் தெரியும். இனிமே?" என்றார். இல்லை, திரும்ப வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைக் காட்டி, "இவ முகந்து சொல்லட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டார். மகளோடு இன்றும் சமைத்துக்கொண்டிருக்கிறார். முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கு நான் செய்தது துரோகமாகியிருக்கும்.

கண் இன்னும் பெரிய கேள்வி. கண்குழியின் எலும்பைக் கட்டி அரித்திருந்தாலே கண்ணை எடுத்துவிடுவது என்றிருந்த காலம் ஒன்று. இன்று அப்படியில்லை. எலும்புக்கும் கண்ணைச் சுற்றிய கொழுப்புக்கும் நடுவே ஓர் உறுதியான உறை இருக்கிறது. கட்டி அந்த உறையோடு நின்றிருந்தால் உறையின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் கண்ணைக் காப்பாற்றலாம். அதனால் ஆயுள் குறைவதில்லை. கொழுப்புக்குள்ளும் தசைக்குள்ளும் போயிருந்தால் கண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எம்.ஆர்.ஐ. ஓரளவு சொல்லும். முடிவான பதில் மேஜையில்தான் கிடைக்கும். இதற்கு முன்கூட்டியே சம்மதம் வாங்குவது எனக்கு எந்த அறுவையையும்விடக் கடினமான வேலை.

மேல்தாடையை எடுத்தால் அண்ணத்தில் ஓட்டை விழும். குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வரும். பேச்சில் காற்று ஒழுகி "பணம்" என்பது "மணம்" என்று கேட்கும். காலில் இருந்து எலும்பும் சதையும் எடுத்து ரத்தக் குழாயோடு இணைத்து அண்ணம் கட்டுவது ஒரு வழி. பல்செட் போலச் செய்து ஓட்டையை அடைக்கும் ஆப்சுரேட்டர் இன்னொன்று. ஒரு பள்ளிக்கூடத் தமிழாசிரியருக்கு ஆப்சுரேட்டர் பொருத்திய நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். பல் மருத்துவர் தட்டை வைத்து அழுத்திவிட்டு, "சொல்லுங்க ஐயா" என்றார். "பாடம்" என்றார் ஆசிரியர். சுத்தமாக, கணீரென்று. அவர் மனைவி, "ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அடுத்த கல்வியாண்டில் வகுப்புக்குப் போய்விட்டார். தழும்பு தெரிகிறது, பாடம் நடக்கிறது. எந்தப் பட்டியலிலும் வராத பலன் அது, ஆனால் அவர் வாழ்க்கையே அதுதான்.

அறுவை முடிந்தால் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். கண்ணும் மூளையும் பக்கத்திலேயே இருப்பதால் கதிரைக் குறிபார்த்துச் செலுத்தும் முறைகள் இங்கே மிக முக்கியம். 2019 முதல் சென்னையிலேயே புரோட்டான் சிகிச்சை கிடைக்கிறது. பார்வை நரம்பை ஒட்டிய கட்டிகளுக்கு அது பெரிய துணை, செலவு எட்டுகிறவர்களுக்கு. அதன்பிறகு வருடக்கணக்கில் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும், பொருக்கை எடுக்க வர வேண்டும், ஸ்கேன் பார்க்க வேண்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை நடந்துவிடுகிறது. ஆனால் நன்றாக இருக்கும்போது ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, சும்மா காட்டிவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? பத்து வருடம் கழித்தும் திரும்பும் நோய் இது என்பதால்தான் நாங்களே போன் போட்டு வரச் சொல்கிறோம்.

வந்தவரிடம் நான் தவறாமல் கேட்பது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பது. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. அங்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் அம்மையார், மூக்கில் சுரப்பிப் புற்றுநோயோடு வருகிறவர்கள் பலரும் மரச்சாமான் தொழிலாளிகளாக இருப்பதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் மாக்பெத்தும் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஆச்சிசனும் சேர்ந்து 1960-களில் அதை நிரூபித்தார்கள். அபாயம் பல நூறு மடங்கு. பீச், ஓக் போன்ற மரங்களின் தூள்தான் காரணம். பிறகு செருப்புத் தொழிலாளிகளிடமும் தோல்தூளால் அதே நோய் வருவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை 1995-இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. ஒரு சின்ன ஊர் மருத்துவர் நோயாளியின் தொழிலைக் கேட்டதால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு அது. நம் ஊர் மரப்பட்டறைகளில் தூள் உறிஞ்சும் இயந்திரமும் முகமூடியும் இன்னும் வழக்கமாகவில்லை. தச்சர் ஒருவரிடம் முகமூடி போடச் சொன்னபோது, "மூஞ்சிய மூடிக்கிட்டா இழைப்பு சரியா வருமா ஐயா?" என்றார். இழைப்பு வரும், நோய் வராது என்றேன்.

அபூர்வ நோய் என்பதால் ஒரு மருத்துவர் தன் ஆயுளில் பார்ப்பது சொற்பம். தன் அனுபவத்தை மட்டும் நம்பினால் தவறாகப் படிப்போம். 17 மருத்துவமனைகள் கணக்கைப் பகிர்ந்துகொண்டதால்தான் விளிம்பின் மதிப்பு தெரிந்தது. நம் நாட்டிலும் ஒவ்வொரு சைனஸ் புற்றுநோயும் வகையோடு, தொழிலோடு, பலனோடு பதிவாக வேண்டும் என்று கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அறுவை மருத்துவர், பேத்தாலஜிஸ்ட், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர், பல் மருத்துவர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாமல் ஒரு நோயாளியைக்கூட அறுவைக்கு அனுப்பக் கூடாது என்பதும் என் நிலை. கத்திக்கு முன்னும் பின்னும் எடுக்கும் முடிவுகளே இந்த நோயில் ஆயுளைக் கூட்டுகின்றன.

முதல் முடிவை எடுப்பவர் நோயாளிதான். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது, அதிலேயே ரத்தம் வருகிறது, கன்னம் மரத்திருக்கிறது, காரணமில்லாமல் மேல்பல் ஆடுகிறது, இரண்டு மூன்று வாரமாகியும் குறையவில்லை என்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சாதாரணச் சதையாகவோ சளியாகவோதான் இருக்கும், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அப்படியில்லாத அந்த ஒருவருக்கு, கோட்டுக்கு முன்னால் இருக்கும்போதே கட்டி பிடிபடும். அப்போது எங்களால் முழுதாக எடுக்க முடியும்.